அக்காவின் பழைய ஸ்கேன்

ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் பிழைப்பு. ‘மறுப்பதற்கில்லை’ என்ற ஒரே சொல்லை வைத்து இருபது வருஷம் ஓட்டியிருக்கிறேன். புற்றுநோய் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். நாளைக்கு எவனும் என் சட்டையைப் பிடிக்க முடியாது.

அக்கா தலைவலி என்று வந்தாள். எம்ஆர்ஐ எடுத்தோம். மண்டையோட்டின் அடியில், மூக்குக்கு நேர் பின்னால் இருக்கும் எலும்பில் ஏதோ வீக்கம். மருந்து ஏற்றியதும் பளீரென்று ஒளிர்ந்தது. கெட்ட கட்டியும் அப்படித்தான் ஒளிரும். பழக்கதோஷம், ‘புற்றுநோயை மறுப்பதற்கில்லை’ என்று எழுதிவிட்டேன்.

அறுவை சிகிச்சை டாக்டர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“நீங்களே அப்படி எழுதினா நான் என்ன பண்றது? மூக்கு வழியா போயி ஒரு துண்டு எடுத்துப் பாத்துடுவோம். வியாழக்கிழமை.”

அந்த எலும்பை ஒட்டியே கண் நரம்பும், மூளைக்கு ரத்தம் போகும் குழாயும் இருக்கின்றன. இம்மி பிசகினால் அக்காவுக்குப் பார்வை போய்விடும்.

அப்புறம்தான் புத்தி வந்து, எலும்பைத் தெளிவாகக் காட்டும் சிடி ஸ்கேன் எடுத்தேன். கெட்ட கட்டி எலும்பைக் கரையான் மாதிரி அரிக்கும். இங்கே ஓரமெல்லாம் வழவழப்பு, உள்ளே குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கலான வெண்மை. சாதுவான எலும்புக் கோளாறு, தொடவே கூடாது. டாக்டர் மசியவில்லை.

“சந்தேகத்தைக் கிளப்பினது நீங்க. ஆதாரம் காட்டுங்க.”

தேடினேன், கிடைத்தது. பதினோரு வருஷத்துக்கு முன் அக்கா மாடிப்படியில் விழுந்தபோது எடுத்த சிடி. அதே எலும்பு, அதே வெண்மை, ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை. புற்றுநோய் இத்தனை வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். பிறகு அன்றைய ரிப்போர்ட்டைப் படித்தேன். ‘எலும்புகள் இயல்பாக உள்ளன.’ கீழே என் கையெழுத்து.

‘பழைய படங்கள் கிடைக்கவில்லை’ என்று எழுதினால் என் மானம் தப்பும், அக்கா மேல் கத்தி இறங்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அரைமணி நேரம் யோசித்தேன். பிறகு ஒளிக்காமல் எழுதினேன்: அன்றும் இருந்தது, நான் கவனிக்கவில்லை, இது புற்றுநோய் அல்ல.

டாக்டர் வியாழக்கிழமையை ரத்து செய்தார். அக்காவை உட்காரவைத்து, இரண்டு படங்களையும் அருகருகே காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

“அன்னைக்கு ஒண்ணுமே இல்லைன்னு எழுதினே, இருந்திருக்கு. போன வாரம் புற்றுநோயா இருக்கலாம்னே, இல்லையாம். இப்போ கண்டிப்பா இல்லைங்கிறே.”

“ஆமாக்கா.”

“கோவிச்சுக்காதடா. வேற யார்கிட்டயாவது ஒருதடவை காட்டிடலாமா?”