காணாமல் போன இருபத்தொன்பது பேர்

1

இந்தக் கதை எனக்குக் கழுத்து வலியில் கிடைத்தது. ஆழ்ந்த சிந்தனையில் கிடைத்தது என்று எழுதினால் மரியாதையாக இருக்கும், ஆனால் பொய். உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு படம். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டும் ஓர் ஆள், கீழே 'பத்தில் எட்டுப் பேருக்கு வலி குறைந்தது' என்ற வாசகம்.

"பாதியில நின்னவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று சிகிச்சையாளரிடம் கேட்டேன்.

"வராதவங்களைப் பத்தி நமக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் அவர். கிண்டல் இல்லை, வெள்ளந்தியாகவே கேட்டார். என் கழுத்து அவர் கையில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

மழை விட்டிருந்தது. சன்னலோரம் நின்றிருந்தவளின் கண்களில் ஏதோ ஒரு

[வேண்டாம். கண்களில் ஒன்றும் இல்லை. அவள் புள்ளிவிவரக்காரி.]

2

முதுகுக்குப் பின்னால் அவளை எல்லோரும் சல்லடை என்பார்கள். ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்கிற மதிப்பாய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. ஓர் ஆய்வு எங்கே ஒரு பக்கமாகச் சாய்கிறது, யாரைச் சேர்த்தார்கள், யாரைக் கழற்றிவிட்டார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கச் சொல்லிக்கொடுப்பாள்.

அவளுடைய முறை இதுதான். ஏற்கெனவே அச்சான நல்ல கட்டுரை ஒன்றை எடுப்பாள். பெயர்களை நீக்குவாள். தன் கையாலேயே மூன்று ஓட்டைகளைப் போட்டு வகுப்பில் கொடுப்பாள். கட்டுரை நிஜமாகவே நல்லதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் போட்ட ஓட்டை எது, பிறவி ஓட்டை எது என்று பிரிக்க முடியாது.

இந்த முறை அவள் எடுத்தது சொந்த அக்காவின் கட்டுரை. முழங்கால் வலிக்கான பயிற்சி. சிகிச்சை அறைகளில் தொங்குகிறதே, அந்தப் படம் பிறந்த இடம். அக்கா எழுதினால் சுத்தமாக இருக்கும் என்று சல்லடைக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால் ஓட்டை போட வேண்டிய இடங்களை மட்டும் படித்தாள். முழுக்கப் படியுங்கள், முழுக்கப் படியுங்கள் என்று வகுப்புக்கு வகுப்பு தொண்டை வறளக் கத்துகிறவள் அவள்.

அன்றைக்கு வீட்டில் அவள் படித்துக்கொண்டிருந்த அதே அறையில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அக்கா சொன்ன பயிற்சியைச் செய்றியாம்மா?" என்று சல்லடை கேட்டாள். அதற்கு அம்மா

[அம்மாவை எடுத்துவிட்டேன். முழங்கால் வலியோடு ஓர் அம்மா வந்தால் நீங்கள் உருகிவிடுவீர்கள். நான் எழுதுவது நக்கல் கதை. ஒத்துவராத ஆளை நீக்குவது எழுதுகிறவரின் உரிமை.]

3

பயிற்சி வகுப்பில் கமா என்று ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற மருத்துவர். எப்பேர்ப்பட்ட கட்டுரை வந்தாலும் காற்புள்ளிகளை மட்டும் திருத்தி அனுப்புவதால் அந்தப் பெயர்.

வகுப்பு நன்றாகத்தான் போனது. நாற்காலி விற்கும் கம்பெனி ஆய்வுக்குப் பணம் கொடுத்திருக்கிறது என்று ஒருவர் பிடித்தார். வலியை அளந்தவர்களுக்கு யார் பயிற்சி செய்தவர் என்று முன்பே தெரிந்திருக்கிறது என்றார் இன்னொருவர். நடப்பதை அளப்பதாகத் தொடங்கி, கடைசியில் வலிக்குத் தாவிவிட்டார்கள் என்றார் மூன்றாமவர். சல்லடை போட்ட மூன்றும் வந்துவிட்டன. அவள் முகத்தில் பெருமை வழிந்தது.

அப்போது கமா கையைத் தூக்கினார்.

"நான் காற்புள்ளிதான் பாத்துட்டு இருந்தேன், மேடம். முதல் அட்டவணையில நூத்தியிருபது பேர் இருக்காங்க. கடைசி அட்டவணையில தொண்ணூத்தியொண்ணு. மிச்சம் இருபத்தொன்பது பேரைக் காணோமே? அவங்களையும் சேர்த்தா பத்துல ஆறு பேருக்குத்தான் குணம். இதுவும் நீங்க வச்சதுதானா?"

சல்லடை தன் குறிப்பைப் புரட்டிப் பார்த்தாள். அது அவள் வைத்தது அல்ல.

"ஆமா சார், நான் வச்சதுதான்" என்றாள்.

வகுப்பு கைதட்டியது. இத்தனை வருட மதிப்பாய்வில் கமாவுக்கு அதுதான் முதல் கைதட்டல்.

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. பிறர் தப்பைப் பிடிப்பதே பிழைப்பாக வைத்திருக்கிறவள் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்வாளா? அடித்துவிட்டு, 'உண்மையைச் சொன்னாள்' என்று மாற்றிப் பார்த்தேன். அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பொய்யையே திருப்பி வைத்தேன்.]

4

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இன்னிக்கு வகுப்புல உன் முழங்கால் கட்டுரையைத்தான் கொடுத்தேன். அந்த இருபத்தொன்பது பேரும் ஏன் நின்னாங்க?"

"எந்த இருபத்தொன்பது?" என்ற அக்கா, உடனே குரலைத் தாழ்த்தினாள். "வலி தாங்கலைன்னு நின்னுட்டாங்க. பயிற்சியையே முடிக்காதவங்களை எந்தக் கணக்குலடி சேர்க்கறது?"

"வலிக்குன்னு ஒரு பயிற்சி. அது வலிக்குதுன்னு ஓடிப்போனவங்களை எடுத்துட்டு, மிச்சம் இருக்கறவங்களுக்கு வலி இல்லைன்னு எழுதியிருக்கே."

"அடுத்த வாரம் என்னைத் துறைத்தலைவர் ஆக்கப்போறாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி என் கட்டுரையை எடுத்தே? என்னைச் சோதிச்சுப் பாக்கவா?"

"உன்னோடதுல ஒரு ஓட்டையும் இருக்காதுன்னு நினைச்சேன்க்கா."

அக்கா போனை வைத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சல்லடைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ. சல்லடை இதழுக்கு எழுதுகிறாள். கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு திருத்தம் வருகிறது. அக்காவின் பதவி போகிறது. சுவரில் படம் மட்டும் அப்படியே தொங்குகிறது.

ஆ. சல்லடை வாயை மூடிக்கொள்கிறாள். கமா கண்டுபிடித்ததை அடுத்த வகுப்பில் நான்காவது ஓட்டையாகச் சேர்த்துக்கொள்கிறாள். நல்ல வரவேற்பு.

இ. அக்காவே இதழுக்கு எழுதி ஒப்புக்கொள்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப வேண்டாம்.

மூன்றும் சப்பென்று இருந்தன. கதையில் யாரோ குறைகிறார்கள் என்று தோன்றியது. முதலிலிருந்து படித்தேன், முழுக்க. இரண்டாம் பகுதியில் ஒருத்தியைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தி வெளியே அனுப்பியிருக்கிறேன். கதைக்கு ஒத்துவரவில்லை என்று காரணம் வேறு சொல்லியிருக்கிறேன். அக்காவைக் கேள்வி கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

6

எனவே, விட்ட இடத்திலிருந்து. அதற்கு அம்மா, "முதல் வாரமே விட்டுட்டேன்டி. உயிர் போற வலி. அக்காகிட்ட சொல்லிடாதே. பாவம், ஆசையாப் படத்தைக் கொண்டுவந்து அவ கையாலயே ஒட்டிட்டுப் போயிருக்கா. அவ வர்ற அன்னிக்கு மட்டும் செஞ்சு காட்டிடறேன்" என்றாள். சல்லடை சிரித்தாள். அம்மாவின் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டாள்.

சல்லடை போனில் பேசியபோதும் அம்மா அதே அறையில்தான் இருந்தாள். நான்தான் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டாள். பிறகு மகள் கணினியில் இதழாசிரியருக்குக் கடிதம் எழுதுவதையும் பார்த்தாள்.

"அந்த இருபத்தொன்பது பேரோட என்னையும் சேர்த்துக்கோ" என்றாள் அம்மா.

"நீ அந்த ஆய்வுலயே இல்லையேம்மா."

"வலி இருந்துச்சே."

சல்லடையின் விரல் 'அனுப்பு' என்ற பொத்தான்மேல் நின்றது. வாசல் மணி அடித்தது. அக்கா. கதவுக்கு வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சண்டை போட வந்தாளோ அழ வந்தாளோ தெரியாது.

அம்மா பழக்க தோஷத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலை நீட்டத் தூக்கினாள். பாதியில் நிறுத்திக்கொண்டு சின்ன மகளைப் பார்த்தாள்.

இங்கே நான் பேனாவை வைக்கிறேன். மதிப்பாய்வாளர் நீங்கள்தான். விதிப்படி என் பக்கச்சார்பை அறிவித்துவிடுகிறேன். எனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள். அவளுக்கு எதிராக ஒரு வரி எழுத எனக்குக் கை வராது. கதவை நீங்கள் திறங்கள். பொத்தானை அழுத்துவதா, அம்மா காலை முழுக்க நீட்டிக் காட்டுவதா, கீழே இறக்கி உண்மையைச் சொல்வதா என்று நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். கால் பாதி தூக்கியபடியே இருக்கிறது; அவளுக்கு வலிக்கிறது.