பட்டியலில் ஒரே பெயர்

அத்தான் கதவை உதைத்துத் திறந்தபோது அவள் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக்கொண்டிருந்தாள். காலை பதினோரு மணி. புருஷனிடமிருந்து தப்பி வந்த பெண்களுக்கான காப்பகத்தின் சர்வரை அவள்தான் தன் அறையிலிருந்தே கவனிக்கிறாள். சர்வர் இருப்பது வேறொரு ஊரில். எந்தப் பெண் எந்த வீட்டில் என்பது அதில் இருக்கிறது. அத்தானிடமிருந்து தப்பிய அக்கா இருக்கும் வீடும்.

“ரெண்டு தடவை பொய் முகவரி கொடுத்து நாயா அலைய விட்டே. இனிமே நானே உள்ள போய்ப் பார்த்துக்கறேன். என் பேரைச் சேர்.”

தன் லேப்டாப்பை அவளுடையதன் பக்கத்தில் வைத்தான். ஒரு வருடம் ஏதோ கம்பெனியில் கேபிள் இழுத்தவன். எல்லாம் அரைகுறையாகத் தெரியும்.

“அப்படிச் சேர்க்க முடியாது அத்தான்.”

அவளுடைய இடது சுண்டுவிரலை மேசை டிராயருக்குள் வைத்து இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினான். குச்சி ஒடிவதுபோல் சத்தம் கேட்டது. அலறப்போன வாயைப் பொத்தினான்.

“இன்னும் ஒம்பது இருக்கு கொழுந்தியாளே. டைப் அடிக்க எத்தனை வேணும்?”

அவள் ஒற்றைக் கையால் அந்தக் கோப்பைத் திறந்தாள். வெளியிலிருந்து யார் சர்வருக்குள் வரலாம் என்பதை முடிவு செய்யும் கோப்பு. அதில் பட்டியல் எதுவும் இல்லாதவரை, கணக்கு உள்ள எல்லோரும் வரலாம். பட்டியல் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதில் உள்ளவர்கள் மட்டும்தான். அவள் அந்த வரியை எழுதினாள். அவன் பெயரை மட்டும் போட்டாள். அப்படி ஒரு கணக்கு அந்த சர்வரில் கிடையாது.

“ம், இப்பதான் வழிக்கு வந்திருக்கே. பாஸ்வேர்டு?”

“முதல் தடவை நீங்க அடிக்கிறதுதான் பாஸ்வேர்டு.”

நம்பினான். அவள் சேமித்தாள். புதிய வரி நடைமுறைக்கு வரும் கட்டளையைக் கொடுத்தாள்.

ஆனால் அவள் ஏற்கெனவே உள்ளே இருந்தாள். அந்தப் பழைய இணைப்பு அறுபடவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள், திரையில் வேறொரு ஜன்னலைத் திறந்து உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்க்காமல் அதை மூடவே மாட்டார்கள். மூடினால் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். ஆனால் இன்று அது திறந்திருக்கும்வரை அவன் அவளை அடித்து எல்லாவற்றையும் மாற்றி எழுத வைக்கலாம். அவளாக மூடினால் சந்தேகப்படுவான்.

“அத்தான், என் ஜன்னலை மட்டும் மூடிடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

“ஏன்டி? நான் அந்தப் பக்கம் போனதும் என் பேரை அழிக்கவா?”

ஓங்கி அறைந்தான். நாற்காலியோடு அவள் சரிந்தாள். அவள் ஜன்னலில் அவனே வெளியேறும் கட்டளையை அடித்தான்.

பிறகு தன் லேப்டாப்பில் முயன்றான். அனுமதி இல்லை. மறுபடியும் முயன்றான். அனுமதி இல்லை.

“திறடி.”

“முடியாது. இனிமே யாரும் இங்கிருந்து சர்வருக்குள்ள போக முடியாது. அந்த ஊருக்குப் போய் சர்வர் முன்னாடி உக்காரணும். எந்தக் கட்டடம்னு எனக்கும் தெரியாது.”

அவளுடைய லேப்டாப்பை அவன் தூக்கி அவள் வலது கைமேல் அடித்தான். திரை சில்லு சில்லாகச் சிதறும்வரை அடித்தான். கேட்பதற்கு அவனிடம் கேள்வி எதுவும் மிச்சமில்லை. அடி மட்டும் நிற்கவில்லை. அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு, அடிகளை எண்ணத் தொடங்கினாள்.