நூல் சேருமிடம்

சாப்பாட்டு மேசையின் பாதியில் விரித்திருந்த அலுவலக வரைபடத்தருகே ஒரு குண்டூசி இறங்கியது. மறுபாதியில் நடந்துகொண்டிருந்த காலை உணவு நின்றது. ஊசியைக் குத்தியவள் மருமகள். குத்திய இடம் வரைபடத்துக்கு வெளியே, மேசைப் பலகையில்.

"அது என்ன ஊசி?" என்றார் மாமனார்.

"இந்த மேசை, மாமா."

மாமனார், லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றின் முதலாளி. புதிய அலுவலகத்தில் யார் எங்கே உட்கார்வது என்பதை விஞ்ஞான முறைப்படியே தீர்மானிக்க வேண்டுமென்று அவர் பிடிவாதமாக இருந்தார். ஒரு வாரம் முழுவதும் யார் யாரிடம் போகிறார்கள், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஊசிக்கு ஊசி ஒரு நூல் கட்ட வேண்டும். நூல்கள் எங்கே அதிகம் சேர்கின்றனவோ, அங்கேதான் முக்கியமான மேசை. அந்த இடம் தம்முடைய அறையே என்பதில் அவருக்கு ஐயமில்லை. நூல் கட்டும் பொறுமை வேறு எவருக்கும் வாய்க்காததால் வேலை மருமகளிடம் வந்தது.

அவள் நேர்மையாகக் கட்டிவிட்டாள். அதுதான் சங்கடம். முதலாளியின் அறைக்கு நான்கு நூல்கள் போயின. அவற்றுள் மூன்று, தேநீர் கொண்டுபோனவை. மற்ற அறுபத்தெட்டும் தாளின் விளிம்பைத் தாண்டிச் சாப்பாட்டு மேசைக்கு ஓடின. பதினோராண்டுகளாக, லிஃப்டில் சிக்கியவர்களின் அழைப்பெல்லாம் இந்த மேசைக்குத்தான் வந்தது. ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தொலைபேசியுமாக, "எந்த மாடியில மாட்டிக்கிட்டீங்க? பயப்படாதீங்க, ஆள் வருது" என்பாள், அருகிலிருக்கும் மெக்கானிக்கைத் தேடி அனுப்புவாள். இதற்கு நிறுவனத்தில் பதவிப்பெயர் கிடையாது. வீட்டில் 'கூடமாட ஒத்தாசை' என்று பெயர்.

"வீட்டையெல்லாம் இதுல சேக்கக்கூடாதும்மா" என்று மாமனார் ஊசியைப் பிடுங்கினார். அறுபத்தெட்டு நூல்களும் தொய்ந்து அவருடைய தட்டிலேயே விழுந்தன.

"அப்ப அங்க எனக்கு ஒரு மேசை போட்டுடுங்க மாமா. எல்லாம் தாளுக்குள்ளயே வந்துடும்."

"நம்ம வீட்டு மருமக போய் மெக்கானிக்குங்க நடுவுல உக்காரணுமா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் தினம் எங்கிட்டதான் பேசறாங்க, மாமா."

"அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றான் கணவன், அது எந்த நியாயம் என்பதைக் குறிப்பிடாமல்.

வரைபடம் முடிவாயிற்று. முதலாளி கண்ணயரும் சோபாவுக்கு இடம் கிடைத்தது. வருபவர்களின் ஈரக் குடைகளுக்குக்கூட இடம் கிடைத்தது. நடுக்கூடத்தை வெறுமையாக விட மனமின்றி, மாமனார் அங்கே ஆறடிக்கு நான்கடி கட்டம் போட்டு, 'பூந்தொட்டிகள்' என்றெழுதிக் கையொப்பமிட்டார். மருமகள் அந்தக் கட்டத்தின் அளவைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டு மேசையை அளந்தாள். அதுவும் ஆறடிக்கு நான்கடி.

அலுவலகம் இடம் மாறிய நாளன்று, நடுப்பகலில் மாமனார் பசியோடு வீடு திரும்பினார். கூடத்தில் நாற்காலிகள் நான்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. நடுவில் எதுவுமில்லை.

"மேசை எங்க?"

"கடைசி வண்டியில போயிடுச்சு" என்றபடி மாமியார் சாப்பாட்டுத் தட்டை அவர் கையில் கொடுத்தாள். "ஒரு பக்கம் அவ பிடிச்சா, இன்னொரு பக்கம் உங்க பிள்ளை பிடிச்சான்."

"நீ பாத்துக்கிட்டு சும்மாவா நின்னே?"

"சும்மா எங்க நின்னேன்? கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டேன்."

தட்டை வைக்க இடமின்றி அதை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால் அவர் புதிய அலுவலகத்தை அழைத்தார். முதல் மணியிலேயே பதில் வந்தது.

"வணக்கம், லிஃப்ட் சர்வீஸ்."

"நான்தாம்மா."

"சொல்லுங்க மாமா." பதினோராண்டுப் பழக்கத்தின் நிதானம் அந்தக் குரலில் சிறிதும் குறையவில்லை. "எந்த மாடியில மாட்டிக்கிட்டீங்க? பயப்படாதீங்க, ஆள் வருது."