பதினைந்தாம் தேதிக்கு முன்னால்

நாடகத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னது நான்தான். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும்.

நாடகத்தின் பெயர் 'பதிவு அறை'. எழுதி, இயக்கி, அதில் கணவனாகவும் நடித்தவர் இராசமலர். பதினாறு வயதில் மேடையேறி, பதினெட்டு வருடம் கதாநாயகியாகவே அழுதவர். இந்த வருடம் மே மாதத்தில், ஒருவனுக்கு ஒரே மனைவிதான் என்னும் பெண்கள் சாசனச் சட்டம் சிங்கப்பூரில் நிறைவேறியதும், சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நாங்கள் படிக்கும் மாலை வகுப்புக்கு ஒருநாள் வந்து நின்றார். "இனி என்னால அழ ஏலாது. மீசை வைச்சுக்கொண்டு வந்து நிற்கப் போறன். ஆரெல்லாம் வாறீங்கள்?" என்றார். ஏழு பேர் கை தூக்கினோம். எனக்கு மேடையில் நிற்கத் துணிவில்லை என்று அன்றே சொல்லிவிட்டேன். அதனால் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலையைத் தந்தார்.

இன்னொரு வேலையும் இருந்தது. நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஒரு மேசை போடுவோம். வீட்டுக் குறையைச் சொல்ல வரும் பெண்கள் சொல்வதை நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். பெயர், வயது, வீடு, கணவன் பெயர், கணவன் வேலை, முதல் மனைவி உண்டா, எங்கே. இந்த வரிசை நான் போட்டது. அதற்கு இராசமலர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். மேசையில் சொன்ன பெயர் மேசையை விட்டுப் போகக்கூடாது.

இனி அந்த வரி. கதையில் ஒருவன் இரண்டாவது கல்யாணத்தைப் பதிய வருகிறான். குமாஸ்தாவாக நடித்த ஆமினா பீவி, சட்டம் வரப்போகிறது என்று அவனை மிரட்டி அனுப்புகிறாள். நான் செய்தித்தாளை வெட்டி வைத்திருந்தேன். அதன்படி சட்டம் செப்டம்பர் பதினைந்தில்தான் அமலுக்கு வருகிறது; அதற்கு முன் முறைப்படி நடந்த கல்யாணம் செல்லும். நாடகத்தில் தேதியே இல்லை என்பது எனக்கு உறுத்தியது. வெட்டிய தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

இராசமலர் மீசைக்குப் பசை தடவிக்கொண்டே படித்தார். "சரியாத்தான் இருக்கு. ஆனா கேட்கிறவன் எந்தப் பாதியைக் காதில வாங்குவான், பிள்ளை?"

"பாதி உண்மை சொன்னா தப்பில்லையாக்கா?" என்றேன்.

அவர் மீசையை ஒட்டி அழுத்திவிட்டு, "ஓம், போடும்" என்றார்.

"எங்க முஸ்லிம்களுக்கு இந்தச் சட்டமும் இல்ல, எனக்குச் சம்பளமும் இல்ல," என்றாள் ஆமினா பீவி. "வசனம் மட்டும் நீளமாயிட்டே போகுதுலா!"

ஆகஸ்ட் இருபதாம் தேதி, ஞாயிறு மாலை, செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர் குடியிருப்பு மண்டபத்தில் முதல் நாடகம். பெஞ்சு கொள்ளாத கூட்டம். மீசையோடு இராசமலர் வந்தபோது சிரிப்பு அடங்கவே இல்லை. ஆமினா பீவி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சொன்னாள்: "செப்டம்பர் பதினைஞ்சுக்கு முன்னாடி கட்டியிருந்தா செல்லும். அதுக்கப்புறம் ரெண்டாவது கட்டுனா ஜெயில்."

முதல் வாக்கியத்துக்கே ஆண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. இரண்டாவது வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், "இன்னும் நாலு வாரம் இருக்குடா மச்சான்!" என்று கத்தினான். திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு முகம் எரிந்தது. சிரிப்புக்காகத் தட்டியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாடகம் முடிந்து மேசைக்கு நான்கு பேர் வந்தார்கள். கடைசியில் ஒரு தாயும் மகளும். தாய் ரத்தினம்மா, அந்தக் குடியிருப்பிலேயே துணி வெளுத்துக் கொடுப்பவள், விதவை. மகள் லட்சுமிக்கு என் வயதுதான், பத்தொன்பது. தாய்தான் பேசினாள்.

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி. உங்க ஆட்டத்தப் பாத்தப்புறந்தான் எனக்கு மனசே நிம்மதியாச்சு. இவளக் கேக்குற மனுஷனுக்கு ஊர்ல ஒரு சம்சாரம் இருக்கு. மறைக்காம சொல்லிட்டாரு. சட்டம் வருதே, நாளைக்கு என் பொண்ணு செல்லாதவளாயிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டிருந்தேன். பதினைஞ்சுக்கு முன்னாடின்னா செல்லும்தான?"

லட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வரிசைப்படி கேட்டேன். மாப்பிள்ளை பெயர்?

"மருதப்பன்."

எழுதினேன். வேலை?

"கப்பல் பட்டறையில பெயின்ட் பிரிவு. மண்டோரு. இருபது பேரு அவருக்குக் கீழ. இடது கையில ரெண்டு விரல் நகம் இருக்காது, எப்பவோ சங்கிலி நசுக்கிடுச்சாம்."

எழுதினேன். 'நசுக்கியது' என்ற சொல்வரை எழுதினேன். அதற்குப் பிறகுதான் என் கை நின்றது. அந்த இரண்டு விரல்களால் சோறு பிசைவதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் பார்க்கிறேன். மருதப்பன் என் அக்கா பூவம்மாளின் கணவர், என் மாமா. வாரத்தில் ஆறு நாள் செம்பவாங்கில், ஞாயிறு மட்டும் தேக்காவில், பஃபலோ ரோட்டு வீட்டில் எங்களோடு. அந்த ஞாயிறு கூடுதல் வேலை இருக்கிறது, வரமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு இன்னும் பால் பல் விழவில்லை.

"முதல் சம்சாரம் எங்க?" என்று கேட்டேன். என் குரல்தான்.

"அதான் சொன்னேனே, ஊர்ல. பட்டுக்கோட்டைப் பக்கம். மூத்தவ சம்மதிச்சு ஒரு கடுதாசி போட்டா போதும்னு சொல்லியிருக்கேன். நாளும் பாத்துட்டோம், ஆவணி முகூர்த்தம், அடுத்த மாசம் பத்தாம் தேதி."

'முதல் மனைவி: ஊரில்' என்று என் கையாலேயே எழுதினேன். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இராசமலரிடம் சொன்னேன். மீசையை எடுத்த இடம் சிவந்திருந்தது. அதைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"விதி நான் போட்டது, பிள்ளை. அதை உடைக்கிறது உம்மட கையில," என்றார் கடைசியில். "ஆனா கெதியா முடிவு செய்யும்."

நான் முடிவு செய்யவில்லை. இதைத்தான் எழுதவே கூசுகிறது. திங்கள் சொல்லலாம் என்று இருந்தேன். செவ்வாய் அக்காவுக்குத் தலைவலி. புதன், வியாழன், வெள்ளி மாலை வகுப்பு. மேசையில் சொன்னது வெளியே போகக்கூடாது என்பது விதியாயிற்றே என்று ஒரு சாக்கு. ஆள் மாறியிருக்கலாம் என்று இன்னொன்று. பெயின்ட் பிரிவில் நகம் இல்லாத மருதப்பன் எத்தனை பேர் இருக்க முடியும்? இருபத்தேழாம் தேதி ஞாயிறு ஒத்திகை. நான் போய்விட்டேன். அன்று மாமா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனார் என்று மட்டும் அக்கா சொன்னாள்.

அந்த ஒத்திகையில் இராசமலர் தேதி வரியை வெட்டிவிட்டார். அதற்குப் பதிலாகக் குமாஸ்தா, "முதல் சம்சாரம் எங்கே?" என்று கேட்க வேண்டும், கணவன், "ஊர்ல" என்பான், குமாஸ்தா, "யார் போய்ப் பார்த்தது?" என்பாள். அவ்வளவுதான் மாற்றம்.

செப்டம்பர் மூன்று. அதே மண்டபம். திரை ஓரத்தில் கண்ணை வைத்துக் கூட்டத்தைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ரத்தினம்மா, பக்கத்தில் லட்சுமி. நடைபாதைக்கு அந்தப் பக்கம், வருங்கால மாமியாருக்கு மரியாதையாக ஒரு பெஞ்சு தள்ளி, வெள்ளைச் சட்டையில் மாமா. நான் இந்தக் குழுவில் இருப்பது அவருக்குத் தெரியாது. படுதாவைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த இடம் வந்தது.

"முதல் சம்சாரம் எங்கே?" என்றாள் ஆமினா பீவி.

"ஊர்ல," என்றார் இராசமலர் மீசையை முறுக்கி.

ஆமினா பீவிக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. புது வரி. கண்ணாடிக்கு மேலாக என் பக்கம் பார்த்தாள். மூன்று சொற்கள்தான், நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாயைத் திறந்தேன், அந்தச் சொற்கள் வரவில்லை. அவள் மறுபடி பார்த்தாள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். எப்படி நடந்தேன் என்று தெரியாது, கையில் நோட்டோடு விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஊர்ல இல்ல," என்றேன். "பஃபலோ ரோடு. நாப்பத்தொண்ணாம் நம்பர். மேல்மாடி, பின்னறை. ரெண்டு பிள்ளைங்க."

மண்டபம் சிரித்தது. நாடகம் என்று நினைத்துச் சிரித்தது. இராசமலர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு கணவனின் குரலிலேயே, "இவ யாருடா புதுக் கிளார்க்கு?" என்று கேட்டு, என்னை மெல்லத் திரைப் பக்கம் தள்ளிவிட்டார். கைதட்டல். அதற்குள் வெள்ளைச் சட்டை எழுந்து, யார் காலையோ மிதித்துக்கொண்டு, வாசல் பக்கம் போய்விட்டது. ரத்தினம்மா அவர் போவதைத் திரும்பிப் பார்த்தாள். லட்சுமி திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. வீட்டு எண்ணைச் சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று இரவே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. "மேடையில நின்னு வீட்டு நம்பரச் சொன்னியா?" என்றாள். "ஆமாக்கா." "சாப்பிடு," என்றாள். மாமாவின் விஷயத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறாள், அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் தவறு.

செவ்வாய்க்கிழமை, வகுப்பு இல்லாத நாள். ஆறு மணி இருக்கும், படிக்கட்டில் காலடி. லட்சுமி தனியாக வந்திருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்த வேர்வை. அக்காதான் கதவைத் திறந்தாள். லட்சுமி அவளைப் பார்த்தாள், தரையில் கிடந்த சின்னவனின் சட்டையைப் பார்த்தாள், சுவரில் அக்காவும் மாமாவும் மாலையோடு நிற்கும் போட்டோவைப் பார்த்தாள். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"உக்காரும்மா," என்றாள் அக்கா.

லட்சுமி உட்காரவில்லை. கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். "இது உங்க கையெழுத்தாக்கா?"

நான் எட்டிப் பார்த்தேன். மாமாவின் சாய்ந்த எழுத்து. மேலே, வலது மூலையில், 'பட்டுக்கோட்டை'. என் கணவர் மருதப்பன் இரண்டாவது மணம் செய்துகொள்ள எனக்கு முழுச் சம்மதம் என்று நாலு வரி. அடியில் வேறு எழுத்து. 'பூ' பெரியது, 'வ' கொஞ்சம் இறங்கி, 'ம்'மின் புள்ளி அழுத்தமாக. கடந்த ஒரு வருடமாக, வகுப்பிலிருந்து வந்ததும் அக்காவுக்குச் சிலேட்டில் எழுதிக் கொடுத்த எழுத்து அது. எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுவிட்டாள். எழுத அவள் பெயர்வரைதான் வந்திருந்தோம்.

"என்னோடதுதான்," என்றாள் அக்கா.

"படிக்காமப் போட்டீங்களா?"

"படிச்சேன். ஒவ்வொரு எழுத்தா ரொம்ப நேரம் படிச்சேன். அவரு சட்டையப் போட்டுட்டு நின்னுட்டிருந்தாரு." அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "போடலன்னா பிள்ளைங்களோட என்னைக் கப்பலேத்தி பட்டுக்கோட்டைக்கு அனுப்பிடுவேன்னாரு. அப்ப நான் நெசமாவே ஊர்ல இருக்கறவளாயிடுவேன்ல? நான் பொறந்தது இங்க, கண்டாங் கிர்பாவ் ஆஸ்பத்திரில. அந்த ஊரு கிழக்கயா மேக்கயான்னுகூடத் தெரியாது."

மாமா வந்து சாப்பிட்டுப் போன அந்த இருபத்தேழாம் தேதி ஞாயிறு. நான் ஒத்திகையில் இருந்தேன். அதற்கு முந்திய ஏழு நாளில் எந்த நாளில் சொல்லியிருந்தாலும் அவளுக்கு யோசிக்க நேரம் இருந்திருக்கும். நான் நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்தேன்.

லட்சுமி காகிதத்தை அதே மடிப்பில் மடித்தாள். "இது எனக்கு வேணும்க்கா. அம்மாகிட்ட காட்டணும். கோயில்ல சொல்லிவெச்சாச்சு, அம்மா லேசுல நம்பமாட்டாங்க."

"எடுத்துட்டுப் போ. தண்ணி குடிக்கிறியா?"

தலையாட்டினாள். நின்றுகொண்டே முழு டம்ளரையும் குடித்தாள். படியில் இறங்கும்போது நடுவில் நின்று, "நான் இங்க வந்தத அவருகிட்ட சொல்லிருவேன்," என்றாள். மிரட்டலா, வாக்குறுதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் தேதி கல்யாணம் நடக்கவில்லை. ரத்தினம்மா கோயிலுக்குப் போய், குறித்த முகூர்த்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று செம்பவாங்கிலிருந்து வரும் ஒருத்தி வகுப்பில் சொன்னாள். மாமா இரண்டு ஞாயிறாக வரவில்லை, சொல்லியனுப்பவும் இல்லை. அக்கா தன் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றையும் அரிசி டின்னின் அடியில் வைத்திருக்கிறாள். படியில் யார் ஏறினாலும் இருவருமே பேச்சை நிறுத்திவிடுகிறோம்.

இன்று வெள்ளிக்கிழமை, பதினைந்தாம் தேதி. வேலை முடிந்து வந்தேன். வகுப்புக்குப் புறப்பட்டபோது அக்கா சிலேட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். தன் பெயரை எழுதியிருந்தாள். அதன் கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தாள்.

"என் மேல கோபமாக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு," என்றாள். "வெறும் பேரு மட்டும் எழுதத் தெரிஞ்சா மேல எந்த ஊர வேணும்னாலும் போட்டுக்கிறாங்கடி. உக்காரு. இந்த வீட்டு நம்பர், பஃபலோ ரோடு, சிங்கப்பூர், முழுசா எழுதச் சொல்லிக் குடு."

வகுப்புக்குப் போகவில்லை. 'ங்'கின் வளைவுதான் அவளுக்கு வரவில்லை. மூன்று முறை அழித்து எழுதினாள்.