நடுவிலிருந்து தேடுகிறவள்

எக்ஸ்ரே நிலையத்தின் படக்கிடங்கில் இளைய மருமகளைச் சேர்த்துவிட்டவளே அங்கே ஏற்கெனவே வேலை பார்த்த மூத்த மருமகள்தான். வந்தவள் சும்மா இருந்தாளா? குப்பையாகக் கிடந்த ஆயிரம் பட உறைகளையும் எண் வரிசையில் அடுக்கினாள். டாக்டர் அசந்துபோய், “இனிமே ஒருத்தர் போதும். நாளைக்கு முதல்ல வர்றவரோட படத்தை யார் சீக்கிரம் எடுக்கிறீங்களோ, அவங்க இருங்க” என்று சொல்லிவிட்டார். சம்பளம் நின்றால் மாமியார் வீட்டில் மூத்தவளை யார் மதிப்பார்கள்?

“இன்னுமா முதல்லேர்ந்து ஒவ்வொண்ணா புரட்டறீங்க? உங்களுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்கு முடி நரைச்சிடும்க்கா” என்று இளையவள் சிரித்தாள். “நடுவுல கை வைங்க. ஐந்நூறு வருதா? நீங்க தேடற எண் அதைவிடப் பெரிசுன்னா இந்தப் பக்கம் மொத்தத்தையும் மறந்துடுங்க. மிச்சத்துல மறுபடி நடு. பாதி பாதியா கழிச்சுக்கிட்டே போனா, பத்துத் தடவைக்குள்ள கைக்கு வந்துடும்.”

மூத்தவளுக்குப் புரிந்தது. மற்றவர்கள் நினைத்த அளவுக்கு அவள் மக்கு அல்ல.

“ஒரு உறை மட்டும் இடம் மாறி இருந்தா?”

“நான் அடுக்கினது எப்படிக்கா மாறும்?”

சாயங்காலம் ஒரு நோயாளி போன் செய்தார். காலையில் முதல் ஆளாக வருவாராம், எண் எழுநூற்றுப் பன்னிரண்டு. போனை எடுத்தது மூத்தவள். இளையவள் கை கழுவப் போன நேரத்தில் அந்த உறையை உருவி, நாற்பதுகளுக்கு நடுவே செருகினாள்.

மறுநாள் இளையவள் ஐந்நூறில் தொடங்கினாள். கீழ்ப்பாதியைத் தள்ளினாள், மேற்பாதியில் பாதியைக் கழித்தாள், மறுபடி கழித்தாள். எழுநூற்றுப் பதினொன்று இருந்தது. அதற்கடுத்து பதின்மூன்று. திரும்பவும் முதலிலிருந்து செய்தாள், அதே இடத்தில் வந்து நின்றாள். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. வாசலில் நோயாளி இருமிக்கொண்டிருந்தார். மூத்தவள் வழக்கம்போல முதல் உறையிலிருந்து நிதானமாகப் புரட்டி வந்து, நாற்பதுகளுக்குள் கிடந்த படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

“அடுக்கினது யாரு?” என்றார் டாக்டர்.

“நான்தான்” என்றாள் இளையவள். அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே இளையவள் கேட்டாள்: “முறை சரிதானேக்கா? நானா மாத்தி வச்சேன்?”

“வேற யாரு வச்சிருப்பா? உன் கவனம் அவ்வளவுதான்.”

மூத்தவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வயிறு குளிர்ந்தது அதைவிட அதிகம்.

இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டிக் கூடையை இழுத்தாள். துலக்கியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, சுத்தமாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, “இது சரியா இருக்காக்கா?” என்று அவளிடமே காட்டத் தொடங்கினாள்.