கொளுக்கி விடாத பிளேட்

கல்முனைக்குடியில் ஆயிஷா உம்மா தன் மகள் நதீராவுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில் ஓடும் இல்லை, வளைமரமும் இல்லை. தலைக்கு மேலே முழுக்கக் கொங்கிறீட் பிளேட். பகலில் நடு அறைக்குள் சாய்ந்தால் கடல் பிளேட்டுக்கு மேலால் ஓடுகிற மாதிரிக் கேட்கும். பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு நதீரா அந்த ஓசைக்குள்தான் கிடந்தாள், பாதி முழிப்பும் பாதிக் கனவுமாக.

பிள்ளை பாயில் உறங்காது, மெத்தையில் உறங்காது. மடியை விட்டு இறக்கினால் அழும். சேலையில் ஏணை கட்டி ஆட்டினால் உறங்கிவிடும் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கட்ட எங்கே இடம்? கயிறு போட மேலே ஒரு கொளுக்கி இல்லையே.

ஏன் இல்லையென்று கேட்பீர்கள், கிளிகளே. பிளேட் போட்ட அன்று மேசன் கேட்கத்தான் கேட்டார், ஏணைக்கு ஒரு கொளுக்கியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி விடவா என்று. அப்போது நதீராவுக்குக் கலியாணம்கூடப் பேசவில்லை. பெண்ணுக்கு வீட்டைக் கட்டிவிட்டுத்தானே மாப்பிள்ளை தேடுகிறோம். மாப்பிள்ளை வராத வீட்டில் ஏணைக்கு இடம் பார்க்கிறதா, கண்ணூறு பட்டுப்போகும், அதை வாயாலும் சொல்லப்படாது என்று ஆயிஷா உம்மா மேசனை அடக்கிவிட்டா. வேறு எந்த உம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பா. கொங்கிறீட் இறுகிப்போனது.

நதீராவின் மாப்பிள்ளை ஜுனைட் பசாரில் புடவைக் கடையில் துணி வெட்டுகிறவர். பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிகிற அன்று சொந்தக்காரர் வருவார்கள், அவர்களுக்கு முன்னால் பிள்ளையை ஏணையில் போட வேண்டும் என்று மாமி ஆயிஷா உம்மாவுக்கு ஆசை. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஜுனைட் றவூபின் இரும்புக் கடைக்குப் போய், வயர் இல்லாத, பெற்றறியில் ஓடுகிற ட்றில் மெசின் கேட்டார்.

றவூப் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, நீலம், கைக்குள் அடங்கி அழகாக இருந்தது. ஜுனைடின் கை அதற்குத்தான் போனது.

"அது மரத்துக்கும் ஆணி முறுக்கவும் மச்சான். துணி பார்க்கிற மாதிரி நிறம் பார்க்காதீங்க," என்றார் றவூப்.

மற்றது பாரமானது, பக்கத்தில் இன்னொரு கைப்பிடியும் இருந்தது. சுற்றிக்கொண்டே உள்ளே குத்தும், குத்தினால்தான் கொங்கிறீட் பொடியாகும் என்று விளங்கப்படுத்தினார். கொங்கிறீட்டுக்கென்று துளைக்கிற நுனி தடித்த பிட் ஒன்று, இறுக்க இறுக்க உள்ளே விரிகிற இரும்பு போல்ட் கொளுக்கி ஒன்று, கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்குத் துணி. ஓட்டை எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த அளவில் பிட்டில் டேப் சுற்றிக் கொடுத்தார். கம்பியில் முட்டினால் அதோடு சண்டை பிடிக்க வேண்டாம், கையைத் திருகிப்போடும், இடத்தை மாற்றுங்க என்றும் சொல்லி அனுப்பினார்.

நாற்பதாம் நாள் காலையில் கரண்ட் இல்லை. இருந்தும் ஜுனைட் மெயின் சுவிச்சை விழுத்தினார். பல்புக்குப் போகிற வயர் பிளேட்டுக்குள்தான் ஓடுகிறது, கரண்ட் இடையில் வந்துவிட்டால்? அந்த வயர் போகிற பக்கத்தை விட்டுவிட்டு, மாமி காட்டிய நடு அறையில் மேசை போட்டு ஏறினார். நதீரா பிள்ளையோடு வாசலுக்கு அப்பால் போய் இருந்தாள்.

மெசின் முதலில் மெல்லச் சுற்றியது. பிறகு வீடே ஒரு பெரிய வண்டு மாதிரி உறுமியது. யன்னல் வெளிச்சத்துக்குள் பொடி இறங்கியது, அரிசிமா அரிக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல். அழப்போகிறது என்று நதீரா பயந்திருக்க, பிள்ளை வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

கொஞ்சம் போனதும் கிறீச்சென்று நின்றது. கம்பி. ஜுனைட் கையை எடுத்துவிட்டார். ஒரு சாண் தள்ளி யன்னல் பக்கம் புதிதாகத் தொடங்கினார். பாதி ஆழத்தில் உறுமல் முனகலாகி அடங்கியது. பெற்றறி முடிந்துவிட்டது. டேப் இன்னும் வெளியே தெரிந்தது.

ஆயிஷா உம்மா மருமகனோடு நேரே கதைக்கிறதில்லை. மகளைப் பார்த்துத்தான் சொன்னா, "கேளு மகள் உன்ட மாப்புள்ளட்ட, இவ்வளவு போனது காணாதாமா? பூ மாதிரிப் புள்ள, என்ன பாரம்? சனம் வந்து அண்ணாந்து பார்க்கப்போகுது."

மாமி சொல்லி ஜுனைட் மறுத்தது அதுவரைக்கும் இல்லை. மேசையை விட்டு இறங்கினார், முகமெல்லாம் வெள்ளைப் பொடி.

"மாமி, புள்ள இன்டைக்குப் பூ. நாளைக்கு உதைக்கும், துள்ளும். துணியெண்டா கிழிஞ்சா மாத்தித் தருவன். இது கழண்டா நான் எங்க போய் மாத்துற? கட்ட மாட்டன்."

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டா. பின்னேரம் சொந்தக்காரர் வந்தார்கள், வட்டிலப்பம் தின்றார்கள், அண்ணாந்தும் பார்த்தார்கள். இரண்டு ஓட்டை, ஏணை இல்லை. எலி பிளேட்டையும் கடிக்குதா என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஜுனைட் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு கரண்ட் வந்தது. விடியும்வரை பெற்றறி கரண்ட் குடித்தது. காலையில் டேப் வரைக்கும் ஆழம் போனது. உள்ளே தங்கிய பொடியை ஊதித் தள்ளி, போல்ட்டை இறக்கி, கை நோக இறுக்கினார். நல்ல சேலையில் ஏணை கட்டினார்கள். நதீரா பிள்ளையோடு எழும்ப, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

பின்கட்டுக்குப் போய் ஒரு நெல்லு மூட்டையை இழுத்து வந்தார். பிள்ளையைப்போல எத்தனை மடங்கோ பாரம். ஒரு பக்கத்தை ஆயிஷா உம்மாவே வந்து பிடித்தா. இரண்டு பேருமாய் மூட்டையை ஏணைக்குள் கிடத்தி, ஒதுங்கி நின்று கயிற்றால் ஆட்டினார்கள். கொளுக்கி அசையவில்லை. யன்னலுக்குப் போய், சுவருக்கு வந்து, பச்சைச் சேலைக்குள் நெல்லு மெத்தெனத் தூங்கியது. மேலே கடல் ஓடியது. ஆட்டுகிற கையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்தது.

"சரி, நெல்ல இறக்குவம். புள்ளயத் தா," என்று கடைசியில் ஜுனைட் திரும்பினார்.

மூட்டை ஆடுகிறதைப் பார்த்தபடியே பிள்ளை மடியில் உறங்கிப்போயிருந்தது. சுவரில் சாய்ந்தபடி அதன் உம்மாவும்.