நடை நேரம்

"கால்ல இடிச்சுக்காம பாத்து சார்," என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். மேசையின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தைத் தலைமையாசிரியரும் தூக்கியிருந்தார்கள். கூடத்தில் இடம் வேண்டும். வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பப்போகிறது என்று மருமகன் போனில் சொல்லியிருந்தார். விடிவதற்குள் தலைமையாசிரியரின் மனைவிக்கு மூச்சு நின்றிருந்தது. அங்கே நடக்கவேண்டிய காரியங்களை மருமகனிடம் விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை ஒழிக்க முன்னால் வந்துவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகியும் தெருவுக்கு அவர் இன்னும் தலைமையாசிரியர்தான்.

மேசைமேல் மனைவியின் மடிக்கணினி திறந்தபடி கிடந்தது. நேற்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது மூடாமல் விட்டது. மேசையைச் சுவரோரம் இறக்கிவைத்த அசைவில் திரை விழித்துக்கொண்டது. தையல்காரர் நாற்காலி எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போனார். அவர் வாசலைத் தாண்டியிருக்கமாட்டார், கணினியில் அழைப்பு மணி அடிக்க ஆரம்பித்தது.

திரையில் ஒரு படமும் ஒரு பெயரும். தலைமையாசிரியர் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. மனதுக்குள் அந்த ஆளுக்குச் 'சிரிப்பு' என்று பெயர் வைத்திருந்தார்.

அவள் வானிலை மையத்தில் விஞ்ஞானியாக இருந்தவள். பல நாடுகள் சேர்ந்து நடத்துகிற ஓர் ஆராய்ச்சிக்காக, வயதான பிறகும் மையம் அவளை விடவில்லை. ஒரு நாட்டுச் செயற்கைக்கோளின் கண்ணுக்கு எட்டாத கடல் இன்னொரு நாட்டுடையதற்கு எட்டும். எல்லோரும் பார்த்ததை ஒரே இடத்தில் கொட்டி, அவரவர் கணினியில் கணக்குப் போட்டு, நாளைக்கு எங்கே மழை, எங்கே காற்று என்று ஒத்துப்பார்ப்பார்கள். "நம்ம தலையில பெய்யுற மழை நாலு நாடு தாண்டி வருதுங்க. அங்க இருக்கறவங்க வாயத் திறக்காம எனக்கு எப்படித் தெரியும்?" என்பாள், சாப்பாட்டுத் தட்டோடு நின்றபடி. அவர் தலையாட்டுவார். ஆனால் அவர் காதில் தங்கியது 'அங்க இருக்கறவங்க' மட்டும்தான்.

அதிலும் சிரிப்பு. கடலுக்கு அந்தப்பக்கத்து நாட்டுக்காரர். மதியம் ஆனால் மாடி அறையிலிருந்து அந்தக் குரல் இறங்கிவரும். எடுத்த எடுப்பில் "சாப்டாச்சா?" என்று கேட்கும், உருட்டி உருட்டி, தமிழில். அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பார்கள். இந்த வீட்டில் தான் கேட்டறியாத ஒரு சிரிப்பு அது என்று தலைமையாசிரியருக்குத் தோன்றிவிட்டது. ஒரு தடவை தோன்றியது பிறகு அடங்கவே இல்லை. பொய் சொல்கிற பையனை நிற்கிற தினுசிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்ட மனுஷர், மனைவி படியிறங்கி வரும்போதெல்லாம் அவள் முகத்தையே படித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மதியம் கடலில் புயல். எந்தக் கரைக்குத் திரும்பும் என்று தெரியாமல் மேலே பேச்சு நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம். அவர் எழுந்து போய் மாடிப்படிக்குக் கீழே இருந்த இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு வந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவள் இறங்கிவந்தாள். தொங்கிக்கொண்டிருந்த வயரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் மையத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அதற்கப்புறம் மதியப் பேச்சு நின்றது. அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தார். தினமும் காலையில் நிம்மதியாக நடைக்குப் போய்வந்தார்.

இன்று நடைக்குப் போகவில்லை.

"யாருப்பா அது?" கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "எடுத்துச் சொல்லிடுங்க, பாவம்."

அவர் பொத்தானை அழுத்தினார்.

"சாப்டாச்சா?" என்றார் சிரிப்பு. அவர் முகத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாக இன்னும் ஐந்தாறு முகங்கள். ஒவ்வொருவரும் "சாப்டாச்சா? சாப்டாச்சா?" என்றார்கள். அதில் ஒரு கட்டத்துக்குள் இளம்பெண் ஒருத்தி தோளில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் ஜன்னலில் ஒரே இருட்டு.

எதிரில் இருப்பது அவர் மனைவி இல்லை என்று அப்போதுதான் கவனித்தார்கள். சிரிப்பின் முகம் இன்னும் மலர்ந்தது. ஆங்கிலத்தில் பேசினார். "சார்! நீங்களா! கடைசியில உங்களப் பாத்துட்டோம். இந்தத் தமிழ் உங்க மனைவி சொல்லிக்குடுத்தது. இதச் சொல்லாம மீட்டிங்க ஆரம்பிக்க விடமாட்டாங்க. இருக்கட்டும், உங்க இதயம் இப்ப எப்படி இருக்கு?"

தலைமையாசிரியருக்குப் புரியவில்லை. "என் இதயமா?"

"அன்னிக்குப் புயல் சமயத்துல நெஞ்சு வலி வந்து நீங்க விழுந்துட்டீங்களே. லைன் கட்டாச்சு, எங்களுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உங்கள ஆஸ்பத்திரியில சேத்துட்டு, நனைஞ்ச துணியோட நேரா மையத்துக்குப் போய் மறுபடி லைன்ல வந்தாங்க. எங்க கரைப்பக்கந்தான் புயல் திரும்புதுன்னு முதல்ல சொன்னது அவங்க. ஜனங்கள வெளியேத்த நேரம் கிடைச்சது."

அவர் மாடிப்படிக்குக் கீழே இருந்த இணையப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க மதியம் தூங்கணும், காலையில நடக்கணும், டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாருன்னாங்க. அதான் எல்லாரும் மீட்டிங்கக் காலைக்கு மாத்திக்கிட்டோம். இதுக்கு நாங்க வச்சிருக்கற பேரே 'நடை நேரம்'தான். உங்க நடை!" சிரிப்பு போர்வைக்காரியைக் காட்டினார். "இந்தப் பொண்ணு ஊர்ல இப்ப பாதி ராத்திரி. ஒரு நாள்கூட முகஞ்சுளிச்சதில்ல."

போர்வைக்காரி கையசைத்தாள். "நல்லா நடங்க சார்," என்றாள்.

பின்னால் துடைப்பம் நின்றுவிட்டது. "அப்பா, உங்க ஹார்ட்டுக்கு என்ன? எப்ப விழுந்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஆள் மாத்திக் கேக்கறாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பொய் காதில் விழுந்தது. இப்போதும்கூட. அவள் வண்டியில் வந்துகொண்டிருக்கும்போதுகூட.

"கேக்கவேண்டியது அம்மாவோட ஹார்ட்ட," என்று மகள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

போன மாதம் மனைவி படியேறிப் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். "நாள் பூரா அந்தப் பெட்டி முன்னாடியே உக்காந்திருந்தா வாங்காம என்ன செய்யும்?" என்றார் அவர். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள்.

"சார்? அவங்க இல்லையா?" என்றார் சிரிப்பு.

"இல்ல," என்றார் தலைமையாசிரியர். பிறகு, பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எத்தனையோ அறிவிப்புகளைச் சொல்லிப் பழகிய அந்தக் குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டுவந்து, "இன்னிக்குக் காலையில இறந்துட்டாங்க," என்றார். "அவங்களோட இதயம்."

கட்டங்கள் ஒன்றும் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தார். சிரிப்பு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணாடி இல்லாமல் மிகவும் வயதானவராகத் தெரிந்தார். போர்வைக்காரி போர்வை நுனியால் வாயை அடைத்துக்கொண்டாள்.

"நேத்து கூடப் பேசினோமே," என்றார் சிரிப்பு. "உங்களத் தனியா விட்டுட்டாங்களே சார். உங்களப் பத்தித்தான் எப்பவும் கவலை அவங்களுக்கு."

தலைமையாசிரியர் வாயைத் திறந்தார். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சார், நாங்க அவங்கள ஒரு தடவை பாக்கலாமா?"

தூக்குப் படுக்கையைக் கூடத்தில் இறக்கினார்கள். மகள் விழுந்து கதறினாள். தெருவில் பாதி உள்ளே வந்துவிட்டது. தலைமையாசிரியர் மடிக்கணினியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"இப்ப எதுக்கு மாமா அது?" என்றார் மருமகன், தாழ்ந்த குரலில்.

"அவ கூட வேலை பாத்தவங்க. பாக்கணுமாம்."

"குடுங்க, நான் பிடிக்கறேன். நீங்க அத்தைகிட்ட உக்காருங்க."

"வேண்டாம் மாப்ளை. நானே பிடிக்கறேன்."

திரையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார். இந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்தது மூடியின் முதுகு மட்டும். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. யாரோ தம் மொழியில் முணுமுணுத்தார்கள்.

"சார்," என்றது சிரிப்பின் குரல், தயங்கித் தயங்கி. "மன்னிக்கணும். முகம் தெரியல. கொஞ்சம் கீழே."

அவர் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழே, சார்."

தலைமையாசிரியர் அத்தனை பேருக்கும் நடுவில் முட்டி போட்டு, திரையை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.